ஆளில்லாத தெருவின் படம்

எவாரிஸ்தோவின் மெத்தைக் கடைக்குப் போய் எந்த மெத்தை நல்லது என்று கேட்டால், ஒன்றைக் கையால் தட்டிப் பார்த்துவிட்டு, "இது. கண்ண மூடிட்டு எடுத்துட்டுப் போ" என்பான். அரை நிமிஷத்தில் வேலை முடிந்துவிடும். எந்த லென்ஸ் நல்லது என்று மட்டும் யாரும் வாய் தவறிக் கேட்டுவிடக் கூடாது. கேட்டவனுக்கு அன்றைக்கு மதியச் சாப்பாடு போச்சு. ஊருக்கெல்லாம் மெத்தை தேர்ந்தெடுத்துக் கொடுக்கிற மனுஷனுக்குத் தனக்கென்று ஒரு கேமரா சாமான் தேர்ந்தெடுக்கத் துப்பில்லை. வாங்குவான், ஒரு மாசம் தலையில் வைத்துக் கொண்டாடுவான், அப்புறம் அதில் ஏதாவது ஒரு குறை கண்டுபிடித்துக் கொண்டு விருந்துக்கு வந்த மருமகனைப் போல முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வான்.

கடையில் மிஞ்சுகிற ஸ்பாஞ்சை எல்லாம் வெட்டி வெட்டி லென்ஸுக்குப் பெட்டி செய்து வைத்திருந்தான். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு ஏமாற்றம் தூங்கிக்கொண்டிருந்தது. பறவை எடுக்கவென்று வாங்கிய நீளக் குழாய் ஒன்று. அதை வாங்கிய நாளிலிருந்து எங்கள் ஊரில் ஒரு பறவையும் உட்காருவதில்லை என்று அவன் மனைவி ஒராலியா சொல்லிச் சிரிப்பாள்.

அவள் சிரிக்க முடியாத விஷயம் ஒன்றும் இருந்தது. அது பெரிய வெள்ளிக்கிழமை.

எங்கள் அந்திகுவாவில் பவனி போகிற தெருவில் குடியிருப்பவர்கள் சப்பரம் போகிற பாதையில் மரத்தூள் விரிப்புப் போட வேண்டும். போட்டே தீர வேண்டும் என்று யாரும் சட்டம் வைக்கவில்லை. போடாத வீட்டு வாசலைத் தாண்டும்போது சனங்கள் பார்க்கிற பார்வை இருக்கிறதே, அது போதும். எவாரிஸ்தோவின் வீட்டு வாசலில் ஒராலியா போடுகிற விரிப்புக்குத் தனிப் பேர் உண்டு. தவக்காலம் தொடங்கியதுமே கொல்லையில் மரத்தூளுக்குச் சாயம் ஏற்றிக் காய வைப்பாள். கடைக்கு மெத்தை வந்த அட்டைப் பெட்டிகளை விரித்துப் பூவும் இலையுமாக அச்சு வெட்டுவாள். வெள்ளியன்று விடிவதற்குள் தெருவில் மணல் பரப்பி, செங்கல் மேல் பலகை போட்டு, அதில் மண்டியிட்டபடி நிறம் நிறமாகச் சலிப்பாள். மரத்தூள் காய்ந்தால் காற்றில் பறந்துவிடும். அதனால் சப்பரம் வருகிற வரைக்கும் தெளிப்பான் கையிலேயே இருக்கும். சப்பரத்தைச் சுமக்கிற ஊதா அங்கிக்காரர்கள் விரிப்பின்மேல் நடந்து போனதும் அது போய்விடும். பின்னாலேயே துப்புரவு வண்டி வந்து அள்ளிக்கொண்டு போகும். அத்தனை நாள் வேலைக்கும் ஆயுசு ஒரு காலைப்பொழுது.

அதைப் படம் எடுத்து வைக்கிற பொறுப்பு எவாரிஸ்தோவுடையது. எடுத்துக் கிழித்தான்! முதல் வருஷம் லென்ஸ் குறுகலாகப் போய், விரிப்பில் பாதிதான் உள்ளே வந்தது. அடுத்த வருஷத்துக்கு அகல லென்ஸ் வாங்கினான். விரிப்பு முழுசும் வந்தது, வாழைப்பழம் மாதிரி வளைந்து வந்தது. "இது நான் போட்டதா, இல்ல சந்தையில வாங்கினதா?" என்று ஒராலியா கேட்டாள். இன்னொரு வருஷம் வளைவை நிமிர்த்துகிற லென்ஸ் ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தான். எதிர்வீட்டு மொட்டை மாடிக்கும் ஏறினான். அப்போதுதான் அவனுக்குப் பெரிய எதிரி யார் என்று தெரிந்தது. மனுஷர்கள்.

வேடிக்கை பார்க்கிறவன், போன் தூக்குகிறவன், பாகில் ஊறின கொண்டைக்கடலை விற்கிறவள், குழந்தையைத் தோளில் ஏற்றினவன், எல்லாரும் படத்துக்குள் வந்து நின்றார்கள். எல்லாருக்கும் மேலாக ஒராலியா. நடுவில் மண்டி போட்டுக்கொண்டு முதுகைக் காட்டியபடி தெளிப்பானை விசிறிக்கொண்டே இருப்பாள்.

"ஒராலியா! கொஞ்சம் தள்ளு!"

"தள்ளினா காய்ஞ்சு போயிடும்யா!"

"ஒரே நிமிஷம்!"

"உன் ஒரு நிமிஷம் எனக்குத் தெரியாதா? போன வருஷத்து ஒரு நிமிஷமே இன்னும் முடியல!"

தெருவே சிரிக்கும். மாடியில் எவாரிஸ்தோவுக்குக் காது சிவந்துபோகும். அன்றைக்குச் சாயங்காலம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, ஆள் குறுக்கே வந்த படங்களை ஒவ்வொன்றாக அழிப்பான். "கெட்டுப் போச்சு. இதுவும் கெட்டுப் போச்சு. சனியன், இதுவும்." கடைசியில் ஓரத்தில் யாரோ ஒருத்தருடைய கால் மட்டும் தெரிகிற ஒன்று மிஞ்சும். அதையும் யாருக்கும் காட்ட மாட்டான்.

இப்படியே போயிருந்தால் போயிருக்கும். ஆனால் வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் வீட்டை ஓட்டல் கட்டுகிறவர்களுக்கு விற்றுவிட்டார். ஈஸ்டர் முடிந்ததும் காலி செய்ய வேண்டும். கல்லறைத் தோட்டத்தைத் தாண்டிப் புதிதாக வந்த காலனியில் வீடு பார்த்தாயிற்று. நல்ல வீடுதான், தண்ணீர் உண்டு, கடைக்கும் இடம் உண்டு. பவனி மட்டும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது.

சாமான் கட்டத் தொடங்கிய நாளில் ஒராலியா அவன் எதிரில் வந்து உட்கார்ந்தாள். "இத பாரு எவாரிஸ்தோ. நான் உன்கிட்ட நகை கேட்டேனா, நட்டு கேட்டேனா? இது என் கடைசி விரிப்பு. புது வீட்டுச் சுவத்துல மாட்டற மாதிரி நல்லா ஒரு படம் வேணும். ஒண்ணே ஒண்ணு. அதையும் சொதப்பிட்டு வந்து நின்னே, அந்த லென்ஸ் பெட்டிங்க எதையும் சாமான் லாரியில ஏத்த மாட்டேன், சொல்லிட்டேன்."

"இந்தத் தடவை சத்தியமா எடுப்பேன்" என்றான் எவாரிஸ்தோ. மனசாரத்தான் சொன்னான். அவனுக்குத் தூக்கமே வரவில்லை.

சனிக்கிழமைதோறும் ரொட்டிக் கடையின் பின்கட்டில் புகைப்படச் சங்கம் கூடும். சங்கம் என்றால் என்ன, காபியை வைத்துக்கொண்டு ஒருத்தன் லென்ஸை இன்னொருத்தன் மட்டம் தட்டுகிற இடம். அங்கே லிசாந்த்ரோ என்று ஒருவன் இருந்தான். பல் டாக்டர். கையில் இல்லாத சாமான் கிடையாது, வாயில் இல்லாத பெருமையும் கிடையாது. எவாரிஸ்தோ தன் கஷ்டத்தைச் சொன்னதும் லிசாந்த்ரோ ஒரு படத்தை எடுத்து மேசையில் போட்டான்.

நம் ஊர் மத்தியச் சதுக்கம். பட்டப்பகல். ஒரு ஈ காக்கை இல்லை.

"எப்ப எடுத்தே? ஊரடங்கா?" என்றான் எவாரிஸ்தோ.

"போன ஞாயித்துக்கிழமை, சந்தை நேரத்துல."

"யாருகிட்ட விடறே?"

"அடேய், கேளு. லென்ஸ் மூஞ்சியில கறுப்புக் கண்ணாடி ஒண்ணு மாட்டணும். வெல்டிங் பண்றவன் போடுவானே, அந்தக் கறுப்பு. வெளிச்சம் சொட்டுச் சொட்டாத்தான் உள்ளே வரும். அதனால நிமிஷக் கணக்குல திறந்து வைக்கலாம். தெரு அசையாது, பதிஞ்சிடும். மனுஷன் அசைஞ்சுக்கிட்டே இருப்பான், பதியவே மாட்டான். வந்தான், போனான், படத்துல இல்ல."

எவாரிஸ்தோ வாயைப் பிளந்தான். இத்தனை வருஷம் கத்திக் கத்தித் தொண்டை வறண்டதெல்லாம் வீண். யாரையும் தள்ளச் சொல்ல வேண்டாம். ஒராலியா பாட்டுக்குத் தெளித்துக்கொண்டே இருக்கலாம். விரிப்பு மட்டும் நிற்கும், சுத்தமாக.

"அந்தக் கண்ணாடிய ஒரு நாளைக்குக் குடேன்."

"பல் தேய்க்கிற பிரஷ்ஷும் ஃபில்டரும் நான் இரவல் குடுக்கறதில்ல" என்றான் லிசாந்த்ரோ.

அன்றிலிருந்து பிடித்தது பைத்தியம். முதலில் மலிவாக ஒன்று வாங்கினான். கொல்லையில் ஒராலியா காய வைத்திருந்த மரத்தூளை அதை மாட்டி எடுத்துப் பார்த்தால், பச்சைத் தூள் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது, மஞ்சள் புளித்த பயறு மாதிரி ஆனது. இன்னொன்று வாங்கினான். அது நிறத்தைக் கெடுக்கவில்லை, ஓரங்களை இருட்டடித்தது. இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று மாட்டினான். அவை கவ்விக்கொண்டு கழற்ற வரவில்லை. ஒராலியாவின் ஜாடி திறக்கிற ரப்பரைத் திருடிப் போய்க் கழற்ற வேண்டியிருந்தது. இணையத்தில் படித்தான். ஒருவன் இதுதான் என்றான், அடுத்தவன் இதைத் தொடவே தொடாதே என்றான். நாளோ ஓடிக்கொண்டிருந்தது. கடைசியில் வயிறெரிந்து, அந்தப் பறவைக் குழாயைத் தூக்கிக்கொண்டு போய் லிசாந்த்ரோ மேசையில் வைத்து, "இத நீ வச்சுக்க, அந்தக் கண்ணாடியக் குடு" என்றான். லிசாந்த்ரோ ஒரு நொடி யோசிக்கவில்லை. அங்கேயே தெரிந்திருக்க வேண்டும், யார் ஏமாந்தார்கள் என்று.

கேமராவை நிறுத்துகிற முக்காலியிலும் தகராறு. அவனிடம் இருந்தது சுமக்கச் சுகமான வகை, காற்றடித்தால் நடுங்கும். நிமிஷக் கணக்கில் திறந்து வைக்கும்போது மயிரிழை ஆடினாலும் எல்லாம் பாழ். ஒரு துணிப்பையில் மணலை நிரப்பி முக்காலி நடுவில் தொங்கவிட்டுப் பார்த்தான். அசையவில்லை.

"அது எந்த மணல்?" என்றாள் ஒராலியா கொல்லையிலிருந்து.

"கொஞ்சம்தான் எடுத்தேன்."

"அடிக்குப் பரப்ப வச்ச மணல்யா அது! சலிச்சு வச்சிருக்கேன்!"

"உன் படத்துக்காகத்தானே?" என்றான். அவள் முறைத்தாள், விட்டுவிட்டாள்.

பெரிய வெள்ளி விடிந்தபோது விரிப்பு முடிந்திருந்தது. அது என்ன விரிப்பு என்று எப்படிச் சொல்ல! வெள்ளைத் தரையில் ஒரே ஒரு கெட்சால் பறவை. தலை ஒரு முனையில், அந்த நீளப் பச்சை வால் வளைந்து வளைந்து மறு முனை வரைக்கும். ஓரம் முழுக்க மஞ்சள் பாளைப்பூ, அதன் வாசனையில் தெருவே கமகமத்தது. அடுத்த தெருவிலிருந்து வந்து பார்த்தவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள்.

ஒராலியா உள்ளே போய்க் குளித்துவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடுகிற பச்சை ரவிக்கை, காதில் தங்கத் தோடு. தலையை வழித்து வாரியிருந்தாள்.

மகள் மிர்னா சாயம் பட்ட கையோடு நிமிர்ந்து பார்த்தாள். "என்னம்மா, தெளிப்பான் பிடிக்கறதுக்குப் போயி இந்த ரவிக்கையா? வீணாப் போயிடும்."

"போனாப் போகுது" என்றாள் ஒராலியா.

எதிர்வீட்டு மாடியில் எவாரிஸ்தோவுக்கு இதைக் கவனிக்க ஏது நேரம்? கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டால் கேமராவுக்குக் கண் தெரியாது, அதனால் முதலிலேயே ஃபோகஸ் வைத்துவிட வேண்டும். வைத்தான். கண்ணாடியைத் திருகும்போது லென்ஸும் சேர்ந்து திரும்பி ஃபோகஸ் போய்விட்டது. கழற்றினான், மறுபடி வைத்தான். பிளாஸ்திரி போட்டு ஒட்டினான். பின்பக்கத்துக் கண் வைக்கிற துளை வழியாக வெளிச்சம் நுழையும் என்று லிசாந்த்ரோ சொன்னது ஞாபகம் வந்து, தன் தொப்பியைக் கழற்றி மூடினான். வெயில் அவன் வழுக்கையில் இறங்கியது. முதல் தடவை திறந்தான். பாதியில் அந்த வீட்டம்மாவின் நாய் முக்காலியை முகர வந்தது. "போ! போய்த் தொலை!" இரண்டாவது தடவை கால் அடியில் தரை ஓடு அசைந்தது. போச்சு. தெரு இன்னும் நிழலில் இருந்தது, வெயில் கூரை விளிம்புக்கு வந்துவிட்டது. அது இறங்கி விரிப்பில் பாதியைத் தொட்டுவிட்டால் பாதி வெள்ளை, பாதி கறுப்பு, கதை முடிந்தது. தூரத்தில் பவனியின் பெரிய முரசு கேட்டது.

"ஆண்டவரே, ஒரு தடவை. ஒரே ஒரு தடவை" என்று முனகிக்கொண்டு மூன்றாவது தடவை திறந்தான். கையைக் கட்டிக்கொண்டான். மூச்சைக் கூட மெதுவாக விட்டான்.

கீழே ஒராலியா பலகை மேல் போய் வந்து தெளித்துக்கொண்டிருந்தாள். சனங்கள் போனார்கள், வந்தார்கள். அவன் ஒரு வார்த்தை கத்தவில்லை. அவளுக்கே ஆச்சரியமாக இருந்திருக்க வேண்டும். இறங்கி வந்து, பறவை வாலுக்குப் பக்கத்தில் எதிர்வீட்டுப் பக்கமாக நின்று மேலே பார்த்தாள்.

"என்னய்யா, இன்னிக்குத் திட்டே காணோம்?"

"நீ உன் பாட்டுக்கு வேலையப் பாரு! ஒண்ணும் தள்ள வேண்டாம்!"

"நிஜமாவா?"

"நிஜமா!"

அவள் தெளிப்பானைக் கீழே வைத்தாள். ரவிக்கையை இழுத்து நேராக்கினாள். விரிப்பு பின்னால் தெரிகிற மாதிரி நின்று, கையை முன்னால் கோத்துக்கொண்டு, அவனைப் பார்த்துச் சிரித்தாள். கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள்.

"எடுத்தியா?"

"எடுத்துக்கிட்டே இருக்கேன்!" என்றான் எவாரிஸ்தோ, கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி.

அவள் தலையாட்டிவிட்டுத் தெளிப்பானை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் சாம்பிராணிப் புகை வந்தது, ஊதா அங்கிகள் வந்தன, சப்பரம் ஆடி ஆடி வந்தது. கெட்சாலின் தலையில் முதல் கால் பட்டது. ஒராலியா சிலுவை போட்டுக்கொண்டாள். துப்புரவு வண்டி வந்து மண்வெட்டியால் சுரண்டிப் போனபோது கல்தரையில் பச்சைக் கறை மட்டும் மிஞ்சியது. "அதுக்குத்தானே போட்டது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய் உப்புமீன் குழம்பை அடுப்பில் ஏற்றினாள். முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை. படம் இருக்கிறதே!

படம் இருந்தது. வாழ்நாளில் முதல் தடவையாக அவன் நினைத்தது நினைத்தபடி வந்திருந்தது. வளைவு இல்லை, நிறக்கேடு இல்லை, ஓர இருட்டு இல்லை. காலியான தெருவில் அந்தப் பறவை மட்டும் தனியாகக் கிடந்தது. கம்ப்யூட்டர் முன்னால் எவாரிஸ்தோ கண்ணைத் துடைத்துக்கொண்டான். பெரிதாக்கிப் பார்த்தபோது ஒரே ஒரு குறை. வால் பக்கத்து வெள்ளையில் லேசாகப் பச்சை படர்ந்திருந்தது. ஒராலியா கை தவறிப் பச்சைத் தூளைச் சிந்தியிருக்கிறாள், பாவம், எவ்வளவு வேலை என்று நினைத்துக்கொண்டான். அவளுக்குத் தெரிய வேண்டாம், தெரிந்தால் வருத்தப்படுவாள். வெகுநேரம் உட்கார்ந்து அந்தப் பச்சையைக் கொஞ்சம் கொஞ்சமாக அழித்து வெள்ளையாக்கினான். தலைநகருக்குப் போய்ப் பெரிய அளவில் பிரிண்ட் போட்டான்.

வழியில் சங்கத்துக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. எல்லாரும் மேசையைச் சுற்றி எழுந்து நின்றார்கள். லிசாந்த்ரோ மட்டும் உட்கார்ந்தபடியே, "நான் சொல்லிக் குடுத்தது" என்றான். அந்த வயிற்றெரிச்சல் எவாரிஸ்தோவுக்கு வீடு வரைக்கும் இனித்தது.

வீட்டில் கட்டின பெட்டிகளுக்கு நடுவில் சாப்பாட்டு மேசை மட்டும் கட்டாமல் இருந்தது. அதில் சுருட்டி வந்த படத்தை விரித்தான். நான்கு மூலைக்கும் நான்கு கோப்பை வைத்தான். ஒராலியா கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். குனிந்து பறவையின் தலையிலிருந்து வால் வரைக்கும் பார்த்தாள். மறுபடியும் வாலிலிருந்து தலை வரைக்கும்.

"எப்படி?" என்றான் எவாரிஸ்தோ.

"நல்லா இருக்கு" என்றாள். அப்புறம், "நான் எங்க?" என்றாள்.

"அதான் விசேஷமே!" என்று மேசையைத் தட்டினான். "நீ இருக்க மாட்டே! யாருமே இருக்க மாட்டாங்க! அத்தனை கூட்டமும் நடந்துக்கிட்டேதான் இருந்தது, ஒருத்தன் விழலை பாரு. அந்தக் கறுப்புக் கண்ணாடி இருக்கே, அசையறது எதையும் அது..."

"நான் நின்னேனே."

"என்னது?"

"நின்னேனே எவாரிஸ்தோ. எடுத்தியான்னு கேட்டேன். எடுத்துக்கிட்டே இருக்கேன்னியே."

மிர்னா பெட்டி கட்டுகிற கயிற்றைக் கீழே போட்டாள். "அம்மா அன்னிக்குத் தோடும் ரவிக்கையுமா எதுக்கு வந்தாங்கன்னு நினைச்சீங்க அப்பா? மரத்தூளுக்குக் காட்டவா?"

"நீ... நீ போன்ல எடுத்திருப்பியே?"

"என் கை ரெண்டும் சாயம். போனைத் தொடவே இல்ல. அப்பாதான் மேல அத்தனை சாமானோட நிக்கறாரேன்னு இருந்துட்டேன்."

தெருவில் அன்றைக்கு எத்தனை போன்! எந்தெந்த ஊர்க்காரனோ, எந்தெந்த நாட்டுக்காரனோ. அவன்கள் எல்லார் போனிலும் ஒராலியா இருப்பாள், பச்சை ரவிக்கையோடு, சிரித்துக்கொண்டு. அவன் ஒருவனிடம்தான் இல்லை. நினைக்க நினைக்க எவாரிஸ்தோவுக்குத் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளலாம் போலிருந்தது.

"பழசு இருக்கும், போன வருஷம், அதுக்கு முந்தின வருஷம்" என்று ஓடினான். கட்டின பெட்டியைக் கிழித்துக் கம்ப்யூட்டரை எடுத்தான். வருஷம் வருஷமாகத் தேடினான். ஒன்றிலும் இல்லை. இருந்ததெல்லாம் கெட்டுப்போனவை, கெட்டுப்போனதை எல்லாம் அவனே அழித்திருந்தான். ஒரு படத்தின் ஓரத்தில் அந்தக் கால் மட்டும் இருந்தது. அது ஒராலியாவுடையது கூட இல்லை.

"இப்ப எடுக்கறேன். அந்த ரவிக்கையப் போட்டுக்கிட்டு வா, வாசல்ல நில்லு."

"எதோட நிக்கறது?" என்றாள் ஒராலியா. அவள் கோபப்பட்டிருந்தால் கூடத் தேவலை. கோபம் இல்லை. திரும்பிப் போய் மேசையில் படத்தை மறுபடியும் பார்த்தாள். "வேலை சுத்தமா இருக்கு. அதுல ஒண்ணும் குறை சொல்ல முடியாது."

அவளைச் சமாதானப்படுத்துகிறதாக நினைத்துக்கொண்டு அவன் இன்னொன்றையும் சொல்லித் தொலைத்தான். "உன் கைத்தப்பைக் கூட சரி பண்ணிட்டேன் தெரியுமா? வால்கிட்ட வெள்ளையில பச்சை சிந்தியிருந்தது. யாருக்கும் தெரியாம அழிச்சுட்டேன்."

ஒராலியா நிமிர்ந்தாள். "நான் சிந்தலையே."

"லேசாத்தான்..."

"நான் ஒரு பொட்டு சிந்தலைய்யா. வெள்ளை மேல பச்சை சிந்தற கையா இது? எங்க? காட்டு."

அவன் விரலை வைத்தான். வால் வளைவுக்குப் பக்கத்தில், எதிர்வீட்டுப் பக்கமாக.

அவள் அந்த விரலைப் பார்த்தாள். "அங்கதான் நான் நின்னேன்" என்றாள்.

எவாரிஸ்தோ மறுபடியும் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். அழிக்காத மூலப்படம் கம்ப்யூட்டரில் இருந்தது, கடவுள் புண்ணியம். திறந்து பெரிதாக்கினான். ஆள் உயரத்துக்கு ஒரு பச்சைப் படர்வு. முகம் இல்லை, கை இல்லை, சிரிப்பு இல்லை. கொஞ்ச நேரம் நின்றவளுக்குக் கேமரா கொடுத்தது அவ்வளவுதான். அதையும் உட்கார்ந்து துடைத்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த வித்தை எல்லாம் போட்டு அதைத் துலக்கப் பார்த்தான். பச்சை கொஞ்சம் பச்சையானது, அவ்வளவே.

புது வீட்டுக் கூடத்தில் அந்தத் துடைக்காத படத்தைத்தான் ஒராலியா மாட்டச் சொன்னாள். லென்ஸ் பெட்டிகள் எல்லாம் லாரியில் ஏறித்தான் வந்தன, அவள் ஒன்றும் தடுக்கவில்லை. அவன்தான் அவற்றைத் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் தள்ளி வைத்தான்.

வீடு புகுந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்துக்காரர்கள் வந்தார்கள். லிசாந்த்ரோ காபிக் கோப்பையோடு படத்துக்கு எதிரில் போய் நின்றான். குனிந்தான். மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டான்.

"நல்லா வந்திருக்கு, அதுல சந்தேகமில்ல. ஆனா ஏம்பா, சங்கத்துல காட்டினப்போ இந்தப் பச்சைக் கறை இல்லையே? ரெண்டு நிமிஷ வேலை. எடுத்துடலாமே."

எவாரிஸ்தோ ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் ரொட்டித் தட்டோடு வந்த ஒராலியா தட்டை மேசையில் வைத்தாள்.

"அது கறையில்ல டாக்டர்" என்றாள். "அது நான்."

லிசாந்த்ரோ அவளைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், சிரிக்கலாமா என்று எவாரிஸ்தோவைப் பார்த்தான். எவாரிஸ்தோ காபி ஆறிவிட்டது என்று சொல்லி எல்லார் கோப்பையையும் வாங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனான்.